விற்கப்பட்ட தச்சர்

சென்னையில் புனித தோமையாருக்கு மூன்று முகவரிகள் உண்டு. மறைந்து வாழ்ந்த இடம் சின்னமலை, கொல்லப்பட்ட இடம் பரங்கிமலை, அடக்கம் செய்யப்பட்ட இடம் சாந்தோம் என்பது மரபு. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவர் கி.பி. 52இல் மலையாளக் கரையில் வந்திறங்கி, சோழமண்டலக் கரைக்கு வந்து, 72இல் மயிலாப்பூருக்கு அருகே ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்று கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களும் தமிழகக் கத்தோலிக்கர்களும் நம்பி வருகிறார்கள். இம்மூன்று இடங்களையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இக்கதையில் நான்காவதாக ஓர் ஊரும் உண்டு. அதை அதிகம் பேர் சொல்வதில்லை. அது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியிலிருந்து பேருந்து பிடித்தால் போய்விடக்கூடிய பழவேற்காடு.

நான் கிறிஸ்தவன் அல்லன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்ப்பவன். மின்ரயிலில் போகவர வாசிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் கடந்துபோக, கையில் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். அப்படித்தான் தோமையார் என் வாசிப்புக்குள் வந்தார். முதலில் பழவேற்காட்டின் வரலாற்றைத் தேடிப் போனேன். அங்கிருந்து அவர் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை ஆண்டுகளில் அவரைப் பற்றி எனக்குள் உருவாகியிருக்கும் ஒரு சித்திரத்தை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இறையியல் அறிந்தவர்கள் இதை ஒரு வாசகனின் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

1517ஆம் ஆண்டு மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகோ ஃபெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர் சில கூட்டாளிகளோடு பழவேற்காட்டில் கரையிறங்கினார். அவர்களோடு அர்மீனிய வணிகர்கள் சிலரும் பயணம் செய்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் அப்போஸ்தலர் தோமாவின் வீடு இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மயிலாப்பூர். பாதி இடிந்த ஒரு பழைய ஆலயம் அங்கே நின்றுகொண்டிருந்தது. பின்னாளில் நடந்த ஒரு விசாரணையில் ஃபெர்னாண்டஸ் தந்த வாக்குமூலம் மூலமாக இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் பேர்பெற்ற சாந்தோமின் நவீன வரலாறு பழவேற்காட்டுப் படகுத்துறையிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் தவறில்லை.

வாஸ்கோ ட காமா வந்து சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான் போர்த்துக்கீசியர் இக்கல்லறைக்கு வந்து சேர்கிறார்கள். அதற்கு முன்பே இந்த இடம் தெரிந்தவர்களாக அர்மீனியர்களும் சிரியாக் கிறிஸ்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் உடல் வணிகர்கள் அதிகம் வராத ஒரு சிற்றூரில் இருப்பதாக எழுதினார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள், அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பது அவர் தரும் தகவல். அதே காலத்தில், 1291-92 வாக்கில், சீனம் செல்லும் வழியில் மோண்டேகோர்வினோவின் ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி தோமா ஆலயம் இருந்த இக்கரையில் 13 மாதங்கள் தங்கினார். உடன் வந்த நண்பரை இங்கேயே புதைத்துவிட்டுப் போனார்.

மார்க்கோ போலோ சொல்லும் மரணக் கதையில் ஈட்டி கிடையாது. தோமா தன் குடிலுக்கு வெளியே மயில்கள் சூழ ஜெபித்துக்கொண்டிருக்கிறார். மயிலை வேட்டையாட வந்த ஒருவன் விட்ட அம்பு தவறி அவர் மேல் பாய்கிறது. ஊரின் பெயர் மயிலாப்பூர் என்பதை அறிந்த நமக்கு இக்கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வெளியூரிலிருந்து வந்த ஒரு புனிதரைச் சொந்த ஊரின் பறவையோடு சேர்த்துத் தைத்துக்கொண்ட கதை அது. பகையோ மதப்பூசலோ அதில் இல்லை. ஒரு தவறிய அம்பு மட்டுமே இருக்கிறது.

இந்தப் பழைய குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது துவார்த்தே பார்போசா எழுதியது. பதினாறாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் எழுதிய இப்போர்த்துக்கீசியர், சிதைந்து கிடக்கும் ஆலயத்தை ஓர் ஏழை முஸ்லிம் காத்துவருவதாகவும், அவர் பிச்சையெடுத்து வரும் காசில் இரவில் அங்கே விளக்கெரிவதாகவும் சொல்கிறார். அவருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை. கப்பல், பீரங்கி, அரச ஆணை ஆகியவையெல்லாம் வந்து சேர்வதற்கு முன்னால், ஓர் அயல் மதத்தவரின் சமாதியில் எண்ணெய் தீராமல் பார்த்துக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார் என்பது மட்டும் தெரிகிறது. தோமாவின் பெயரால் சென்னையில் எழுந்த கட்டடங்கள் அத்தனைக்கும் முன்பாக அந்த விளக்கைத்தான் வைக்கத் தோன்றுகிறது.

*

பிறகு நடந்தவை ஏறத்தாழ அனைவரும் அறிந்தவை. 1523இல் போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள், ஓர் ஈட்டிமுனை, மண் நிறைந்த ஒரு கலயம் ஆகியவை கிடைத்ததாகப் பதிவு செய்தார்கள். ஆலயத்தைப் புதுப்பித்தார்கள். சுற்றி ஒரு நகரம் எழுந்தது. 1547இல் பரங்கிமலையில் அடித்தளம் தோண்டியபோது பஹ்லவி எழுத்துகள் சுற்றிலும் பொறித்த ஒரு கற்சிலுவை கிடைத்தது. 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் பரங்கிமலைக்குப் படிக்கட்டுகள் கட்டிக்கொடுத்தார். இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம் 1896இல் நிறைவு பெற்றது.

இவையெல்லாம் ஆதாரங்களா என்று கேட்டால், எதற்கு ஆதாரம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பஹ்லவிச் சிலுவை 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் அந்நாளில் இங்கே இருந்ததை அது உறுதிப்படுத்துகிறது. முதல் நூற்றாண்டில் ஓர் அப்போஸ்தலர் வந்ததை அது நிறுவாது. எலும்புகளின் கதையோ இன்னும் சிக்கலானது. தோமாவின் எலும்புகள் ஒரு வணிகரால் எதெஸ்ஸா நகருக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டன என்று 4ஆம் நூற்றாண்டிலேயே சிரியாக் கவிஞர் எஃப்ரேம் பாடியிருக்கிறார். இன்றைய துருக்கியில் உள்ள ஊர்ஃபாதான் அன்றைய எதெஸ்ஸா. பிறகு அவை கியோஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். ஒரே உடலுக்கு இரண்டு கரைகளில் விளக்கு எரிகிறது.

ஆதாரம் போதாமல் போகும் இடத்தில் ஆசை வேலை செய்யத் தொடங்கும். 1970களில் தோமாவின் தமிழக வருகைக்குச் சான்று தருகிறேன் என்று சொல்லி ஒருவர் போலி ஆவணங்களைத் தயாரித்துத் திருச்சபையிடமிருந்து பெருந்தொகை பெற்றார். வழக்கு நடந்து 1986இல் தண்டனையும் விதிக்கப்பட்டது. திருவள்ளுவர் தோமாவிடம் பாடம் கேட்டவர் என்பது வரைக்கும் நூல்கள் எழுதப்பட்டன. மறுபக்கத்தில், தோமா என்று ஒருவர் வந்ததே கட்டுக்கதை, மயிலையில் கடற்கரையோரம் இருந்த கபாலீசுவரர் கோயிலை மறைக்க எழுந்த புனைவு என்று எழுதியவர்களும் உண்டு. சாந்தோம் பகுதியில் பழைய கோயிலின் கற்களும் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருப்பது உண்மை. கடலோரக் கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்து, இப்போதைய இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது என்ற கருத்துக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அதைச் சொன்னவுடன் முகம் சுளிப்பதும் நேர்மையல்ல, அதையே பிடித்துக்கொண்டு மார்க்கோ போலோவுக்கும் முந்தைய ஒரு யாத்திரை மரபைப் போர்த்துக்கீசியரின் கண்டுபிடிப்பு என்று தள்ளுவதும் நேர்மையல்ல.

இந்தச் சண்டையில் ஒரு விநோதம் இருக்கிறது. உலகம் தோமாவை அறிந்திருப்பது சந்தேகப்பட்டவர் என்றுதான். ஆங்கிலத்தில் அவநம்பிக்கைக்காரர்களை அவர் பெயரால் அழைக்கிறார்கள். கண்ணால் கண்டு கையால் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர், தன்னைப் பற்றி மட்டும் தொட்டுப் பார்க்கும்படியான எதையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை.

*

எலும்பையும் ஈட்டிமுனையையும் விட்டுவிட்டு அவருடைய கதைக்குப் போகலாம். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எதெஸ்ஸா பகுதியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'தோமாவின் பணிகள்' என்ற நூல் உண்டு. திருச்சபை அதை வேதத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. இலக்கிய வாசகர்கள் தவறவிடக்கூடாத நூல் அது.

சீடர்கள் எருசலேமில் கூடி உலகத்தைத் திசைவாரியாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் மறுக்கிறார். உடம்பில் வலுவில்லை, நான் ஓர் எபிரேயன், இந்தியர்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பேன் என்கிறார். இரவில் இயேசு தோன்றித் தைரியம் சொல்கிறார். அப்போதும் மறுக்கிறார். வேறெங்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், இந்தியாவுக்கு மட்டும் மாட்டேன். அந்நேரம் இந்திய அரசன் ஒருவனுக்காகத் தச்சர் தேடி ஒரு வணிகன் அங்கே வந்திருக்கிறான். அவன் பெயர் அப்பான். இயேசு சந்தையில் அவனைச் சந்தித்து, என்னிடம் ஒரு தச்சுவேலை தெரிந்த அடிமை இருக்கிறான், வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்கிறார். வெள்ளிக்கு விலை பேசி முடிகிறது. விற்பனைப் பத்திரம் எழுதப்படுகிறது. வணிகன் தோமாவிடம் வந்து, இவர் உன் எஜமானரா என்று கேட்கிறான். ஆம் என்கிறார் தோமா. சீடன் குருவைப் பார்த்துச் சொல்லவேண்டிய அதே சொல், இங்கே அடிமை விற்பனைக்குச் சாட்சியமாகிவிடுகிறது. மறுநாள் காலையில் தோமா தன் விலைப்பணத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கப்பலேறுகிறார்.

கப்பலில் வணிகன் அவரிடம், உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கிறான். மரத்தில் ஏர், நுகத்தடி, துடுப்பு, பாய்மரம். கல்லில் தூண், கோயில், அரண்மனை. இப்படியொரு பட்டியலைத் தோமா சொல்கிறார். நம் தொழிற்பேட்டை வாசலில் தினமும் காலையில் காண்ட்ராக்டரின் ஆள் நோட்டுப்புத்தகத்தோடு நின்று கேட்கும் அதே கேள்வி. என்ன வேலை தெரியும்? வெல்டிங், கட்டிங், ஃபிட்டிங், கிரைண்டிங். பதில் சொல்லும் மொழிதான் மாறியிருக்கிறது.

அரசன் பெயர் குந்தபோரஸ். நெடுங்காலம் இது கற்பனைப் பெயர் என்றே கருதப்பட்டது. 1830களில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் அப்பெயர் பொறித்த காசுகள் கிடைக்கத் தொடங்கின. பெஷாவர் பக்கம் தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டின்படி அவ்வரசர் கி.பி. 46 வாக்கில் ஆட்சியில் இருந்தார் என்று கணக்கிடுகிறார்கள். கதைக்குள் ஒரு நிஜ அரசர் இருந்திருக்கிறார். நூல் சொல்லும் இந்தியா வடமேற்கு இந்தியா. மயிலாப்பூர் அதில் இல்லை.

அரசன் இடத்தைக் காட்டி அரண்மனை கட்டச் சொல்கிறான். தோமா ஒரு நாணற்குச்சியை எடுத்துத் தரையில் வரைகிறார். வெளிச்சத்துக்காகக் கதவுகள் கிழக்கே, காற்றுக்காகச் சன்னல்கள் மேற்கே, ரொட்டி சுடும் அறை தெற்கே, தண்ணீர்க் குழாய்கள் வடக்கே. வரைபடம் அரசனுக்குப் பிடித்துவிடுகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். தோமா அப்பணத்தையெல்லாம் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வேலை எவ்வளவில் இருக்கிறது என்று அரசன் கேட்டனுப்ப, அரண்மனை முடிந்துவிட்டது, கூரைதான் பாக்கி என்று பதில் வருகிறது. கூரைக்கும் பணம் வருகிறது. கடைசியில் அரசன் வந்து பார்த்தால் வெறும் மண். தோமா சிறையில் அடைக்கப்படுகிறார். அன்றிரவு அரசனின் தம்பி இறந்துபோகிறான். வானுலகில் ஓர் அற்புதமான மாளிகையைக் கண்டு, இது யாருடையது என்று கேட்கிறான். உன் அண்ணனுக்காகத் தோமா கட்டியது என்கிறார்கள். உயிர் திரும்பி வந்து அண்ணனிடம் அதைத் தனக்கு விற்கும்படி கேட்கிறான். விற்கப்பட்ட தச்சரின் கதையில் விற்க முடியாத ஒரே பொருள் அந்த வீடுதான்.

கதையின் இறுதிப்பகுதியில் வேறொரு நாட்டில், மஸ்தாய் என்ற அரசனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்தி அவரைக் கொல்கிறார்கள். பின்னொரு நாள் மகனுக்கு நோய் வர, அரசன் எலும்பைத் தேடிக் கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை, ஏற்கெனவே மேற்கே கொண்டுபோகப்பட்டுவிட்டது. அவ்விடத்து மண்ணை எடுத்துப் பிள்ளைக்குப் பூசுகிறான். பிள்ளை பிழைக்கிறான். இந்நூல் எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகு மார்க்கோ போலோ தமிழ்க்கரையில் கண்ட செம்மண் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெற்றுக் கல்லறையின் மண்ணே மருந்து என்ற எண்ணம் எத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது!

*

பழவேற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்த 'விற்பனைப் பத்திரம்' எனக்கு நினைவு வரும். காரணம் உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நெடுங்காலம் அதுதான். துணியோடும் வெடியுப்போடும் அவர்கள் ஏற்றிய இன்னொரு சரக்கு மனிதர்கள். 17ஆம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்ச காலங்களில், பசி தாங்காமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் இக்கரையிலிருந்து பல்லாயிரக்கணக்கில் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் எலும்புக்கூடு செதுக்கிய வாசற்கற்களும் குடும்பச் சின்னங்கள் பொறித்த பலகைகளும் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. வாங்கியவர்களின் பெயர்களைப் படிக்க முடிகிறது. விற்கப்பட்டவர்களுக்குக் கல் இல்லை.

கொஞ்சம் மேற்கே வந்தால் கும்மிடிப்பூண்டி. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகள், உலைகள், புகை. இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் ஒடிஷா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். இவர்களை அடிமைகள் என்று சொல்வது வரலாற்றுக்கும் அவர்களுக்கும் செய்யும் அநியாயம். சம்பளம் உண்டு, கைப்பேசி உண்டு, பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். ஆனாலும் ஓர் இடைத்தரகர் வந்து, உன் ஆட்களில் எத்தனை பேருக்கு வேலை தெரியும் என்று கேட்டு அழைத்துவரும் அந்த முறை மாறவில்லை. மொழி தெரியாத ஊரில், தான் ஒருநாளும் குடியிருக்கப் போகாத கட்டடத்துக்குக் கம்பி உருட்டும் வாழ்க்கை மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் நடந்தது. பெயர் வேண்டாம். இரவு ஷிப்டில் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒரு பையனின் கையுறை உருளையில் சிக்கிக்கொண்டது. காலையில் காண்ட்ராக்டரின் ஆள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தான். 'சிறு காயம், முதலுதவி அளிக்கப்பட்டது' என்று நிரப்பியிருந்தது. ஃபோர்மேனின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் ஆரம்பாக்கத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது. அதிகம் பேசமாட்டார்.

"பையன் எங்கே?"

"ரூம்ல படுத்திருக்கான் சார். ஒண்ணும் இல்ல, சின்ன அடிதான். நீங்க போட்டுக் குடுத்தீங்கன்னா ஆபீஸ்ல குடுத்துடுவேன்."

"பாக்காம போடமாட்டேன்."

"நான் பார்த்தேன் சார்."

"நீ பார்த்தே. நான் பாக்கல."

அவரே தங்கும் அறைக்கு நடந்து போனார். நானும் கூடப் போனேன். ஒரே அறையில் எட்டுப் பேர். பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஃபோர்மேனுக்கு இந்தி தெரியாது. "ஹாத், ஹாத்" என்று மட்டும் சொன்னார். அவன் கையை நீட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டைப் பிரித்தார். இரண்டு விரல்கள் இருக்கவேண்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். திரும்ப எழுந்தபோது படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியத்துக்குள் பையன் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போனான். புதிதாக எழுதிய படிவத்தில் விரல்களின் எண்ணிக்கை இருந்தது. அது இருந்ததால்தான் பிறகு அவனுக்கு இழப்பீடு என்று ஏதோ கிடைத்தது. விரல்கள் திரும்பி வரவில்லை. அவன் ஊருக்குப் போனவன் இங்கே திரும்பவும் இல்லை.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை நான் மறுபடியும் நிதானமாகப் படித்தது அதற்குப் பிறகுதான். அதுவரை தோமாவை எல்லோரையும் போல ஒரு நம்பிக்கைக் குறைவுக்காரராகவே எண்ணியிருந்த வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். இயேசு முதல்முறை தோன்றியபோது மற்றச் சீடர்களுக்குத் தம் கைகளையும் விலாவையும் தாமாகவே காட்டுகிறார். அவர்கள் பார்த்த பிறகுதான் மகிழ்கிறார்கள். தோமா அப்போது அங்கே இல்லை. மற்றவர்களுக்குக் கிடைத்ததைத்தான் அவர் தனக்கும் கேட்கிறார். நீங்கள் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. எட்டு நாள் கழித்து அவருக்கும் காட்டப்படுகிறது. கண்டு நம்பியதைவிடக் காணாமல் நம்புவது பெரிது என்று ஒரு சொல்லும் கிடைக்கிறது. ஆனால் கேட்டதற்காக அவர் விரட்டப்படவில்லை.

இன்னொன்று. தோமா கேட்டது அற்புதத்தை அல்ல. ஒளிவட்டத்தை அல்ல. ஆணியடித்த தழும்பு எங்கே என்பதே அவருடைய கேள்வி. உயிர்த்தெழுந்தவர் என்று சொல்லப்படுகிறவருக்குக் காயம் இல்லையென்றால் அவர் நான் அறிந்தவர் அல்லர் என்பது அதன் உட்பொருளாக எனக்குப் படுகிறது. சாவை வென்றுவந்த உடம்பிலும் தழும்புகள் அப்படியே இருக்கின்றன என்ற செய்தி இவருடைய பிடிவாதத்தால்தான் அவ்வளவு அழுத்தமாக நமக்குக் கிடைத்தது. தோமா விரலை வைத்தார் என்று நற்செய்தி சொல்லவில்லை. வைத்துப் பார் என்று அழைக்கப்பட்டதோடு நிறுத்திக்கொள்கிறது. ஓவியர் கரவாஜ்ஜியோதான் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் விரலை விலாவுக்குள் நுழைத்துக் காட்டினார். அந்த ஓவியத்தில் தோமாவின் சட்டை தோளருகே கிழிந்திருக்கும். நெற்றியில் உழைப்பாளியின் சுருக்கங்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கள் ஃபோர்மேனின் சாயல் வந்துவிடுகிறது.

*

தோமா என்பது பெயரல்ல, பட்டப்பெயர். அரமேய மொழியில் 'இரட்டையரில் ஒருவர்' என்று பொருள். யாருக்கு இரட்டை என்பதற்கு நற்செய்திகளில் விடை இல்லை. எதெஸ்ஸா மரபு துணிச்சலாக இயேசுவுக்கே என்றது. 'தோமாவின் பணிகள்' நூலில் ஒரு மணமகன் தன் அறைக்குள் தோமா நிற்பதாக நினைத்துப் பேச, நான் தோமா அல்லன் என்று இயேசு விடை சொல்லும் இடம் ஒன்று உண்டு. விற்றவரும் விற்கப்பட்டவரும் ஒரே முகம். எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ, எனக்கு அதில் கிடைப்பது இதுதான்: விலை பேசப்பட்டு அயல்நாட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட ஒருவனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் அங்கே எஜமானரின் முகம் தெரியக்கூடும்.

இந்தத் தோமாவுக்குத் தொல்லியல் சான்று தேவையில்லை. அதற்காகச் சான்று தேடுவதை நிறுத்த வேண்டியதும் இல்லை. அவர் வந்தாரா இல்லையா என்ற கேள்வி அவருக்கே பிடித்திருக்கும். ஆனால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு போலி ஏடு தயாரிப்பதும், அவர் பெயரால் எழுந்த கட்டடத்தின் அடியில் வேறொருவரின் கோயிற்கல் கிடக்கிறது என்று சொன்னால் கேட்க மறுப்பதும் அவருடைய வழி அல்ல. அதுவும் ஒரு காயம். தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அதேபோல், எங்கோ பெயர் தெரியாத ஒரு கல்லறை முன் முன்னூறு தலைமுறை வேண்டாம், முப்பது தலைமுறை மனிதர்கள் வந்து செம்மண் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

கும்மிடிப்பூண்டியில் வடநாட்டுத் தொழிலாளர்கள் கூடும் சிறு சிற்றாலயங்கள் இருக்கின்றன. ஞாயிறு மாலைகளில் சாதரி மொழியிலும் ஒடியாவிலும் பாட்டுக் கேட்கும். அவர்களில் எத்தனை பேர் பரங்கிமலைக்குப் போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. சென்ட்ரல் வரை மின்ரயிலில் போய், பார்க் ஸ்டேஷனில் மாறினால் நேரே மலையடிவாரத்தில் இறங்கலாம். மேலே ஏறுவதற்கு அந்த அர்மீனியர் கட்டிய படிகள் இருக்கின்றன.

பழவேற்காட்டுக்குப் போகிற நண்பர்கள் டச்சுக் கல்லறைகளையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், படகுத்துறைப் பக்கம் சற்றுநேரம் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1517இல் ஓர் அயல்நாட்டு வணிகர் மற்றவர்களை, வாருங்கள் காட்டுகிறேன் என்று அழைத்தது இந்த ஊரிலிருந்துதான். நின்று பார்ப்பதற்கு அங்கே பலகையோ சிலையோ எதுவும் இல்லை. ஏரித்தண்ணீரும், இறால் வலைகளும், தெற்கே தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரியும். அந்தத் திசையில்தான் மயிலாப்பூர் இருக்கிறது. அவர்கள் போய்ச் சேர்ந்த அந்த நாளின் இரவிலும் பார்போசா எழுதிய அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கும் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.